பன்னிரண்டில் மூன்று

மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்குப் பட்டியல் என்பது புதிய பொருளன்று. வந்த கடிதங்களின் பட்டியல், விடை எழுதப்படாத கடிதங்களின் பட்டியல், ஏன் இன்னும் விடை எழுதவில்லை என்று கேட்டு வந்த கடிதங்களின் பட்டியல் என்று, இருபது ஆண்டுகளாக நான் பட்டியல்களின் நடுவிலேயே வாழ்ந்து வருகிறேன். முடிந்த வரிக்கு நேரே ஓரத்தில் நீல மையால் ஒரு குறி இடுவதே என் தொழில் என்று சொல்லிவிடலாம். (பச்சை மை எங்களைப் போன்றோர்க்கு உரியதன்று, அது மேலதிகாரிகளுக்கு உரியது.) ஆயினும் நான் இங்கே சொல்ல வந்தது அலுவலகப் பட்டியலைப் பற்றி அன்று. என் மேசை அறையில், பழைய நாட்குறிப்பு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பன்னிரண்டு வரிகளைப் பற்றியது.

நம் சங்கத்தின் மலர்க்குழுவினர், “உங்கள் ஊரைப் பற்றி ஏதேனும் எழுதித் தாருங்கள்” என்று கேட்டபோது, அந்த நாட்குறிப்புத்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதன் பதினோராம் வரி, “நம் ஊரின் பெயர் அச்சில் வருமாறு ஒரு கட்டுரையேனும் எழுதுதல்” என்பது. ஆகவே இக்கட்டுரை அச்சேறினால் அவ்வரிக்கும் ஒரு நீலக் குறி இட்டுவிடுவேன். அன்பர்கள் இந்தச் சிறு தன்னலத்தைப் பொறுத்தருள வேண்டும்.

ஊர் காரோடு. கேரள மாநிலத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்துள்ள ஊர். தென்னையும் மரச்சீனியும் வாழையும் ரப்பரும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் மேடுபள்ளமான பூமி. ஊரம்பு வழியாகச் சற்று நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். பேருந்தின் நிறம் மாறும்; கடைப் பலகையின் எழுத்து மாறும்; மண்ணின் செம்மை மாறாது. கிழங்கும் மீன் கறியும் அப்பக்கமும் இப்பக்கமும் ஒரே சுவைதான். இந்த இரண்டுங்கெட்ட நிலையை இத்தலைநகருக்கு வந்த பிறகும் நான் விட்டபாடில்லை. அலுவலகத்து மலையாள நண்பர்கள் என்னைத் தமிழன் என்பார்கள். நம் தமிழன்பர்களோ என் பேச்சைக் கேட்டு, “நீங்கள் கேரளமா?” என்பார்கள். இரண்டு கேள்விக்கும் “ஆம்” என்றே விடை சொல்லிப் பழகிவிட்டேன்.

வாழ்க்கையில் நான் கேட்ட முதல் பட்டியல் என் பாட்டனாருடையது. அந்தி வேளையில் திண்ணையில் அமர்ந்து அவர் விரல்விட்டு எண்ணுவார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு விரல்களை மடக்குவார். ஐந்தாவதாக நிற்கும் கட்டைவிரலைப் பார்த்து, “நெய்யாற்றின்கரை” என்பார். ஆனால் மடக்க மாட்டார். பிறகு மறுகை. செங்கோட்டைக்கு விரல் பாதி மடங்கும். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் மூன்றும் மடங்காமல் நிற்கும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அது ஏதோ விளையாட்டு என்று எண்ணிக்கொண்டு நானும் மடக்கிப் பார்ப்பேன்.

அது விளையாட்டன்று என்பது கல்லூரியில் வரலாறு படிக்கும்போதுதான் விளங்கியது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார், மார்ஷல் நேசமணியின் தலைமையில், தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று கேட்ட ஒன்பது வட்டங்களின் பட்டியல் அது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தென்பகுதி வட்டங்கள் நான்கும், செங்கோட்டையில் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. மற்றவை அங்கேயே நின்றன. 1968-இல் நேசமணி மறைந்தார். குமரி மாவட்டத்தார் அவரை வெற்றி பெற்ற தலைவராகவே போற்றுகின்றனர். அது முற்றிலும் தகும். என் பாட்டனாரும் அவரைக் குறைகூறி நான் கேட்டதில்லை. ஆனால் மடங்காத விரலின் பக்கத்தில் வாழ்ந்தவர் அவர். அவருடைய தங்கையை ஊரம்புக்கு அப்பால் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் வரை அடுத்த ஊர். மறுநாள் அடுத்த மாநிலம். இதை அவர் துயரமாகச் சொல்ல மாட்டார். “கொழுக்கட்டை கொண்டுபோக ஆரு கேக்கப் போறாவ?” என்று சிரித்துவிடுவார்.

இரண்டாவது பட்டியல் என் தந்தையாருடையது. சிவாலய ஓட்டம் என்பதைக் குமரி மாவட்டத்து அன்பர்கள் அறிவர். மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு முதல் நாள் மாலை, முஞ்சிறையை அடுத்த திருமலைக் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடியும் நடந்தும் தரிசிப்பது இது. எல்லாமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். கோயில்கள் யாவும் பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களுக்குள் அடங்கியவை. ஓடுகிறவர்கள் காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியும், திருநீறு முடிந்துகொள்ளச் சிறு துணிப்பையும் கொண்டு செல்வர். ஒவ்வொரு கோயிலிலும் நீராடி ஈரத் துணியோடு வணங்குவர்; சந்நிதியில் நின்று இறைவனுக்கு விசிறுவர். வழியெல்லாம் மோரும் பானகமும் சுக்குநீரும் கொடுத்து ஊரார் காத்திருப்பர். இதில் வியப்பு என்னவென்றால், சிவனைக் காண ஓடுகிறவர்கள் எழுப்பும் முழக்கம் “கோவிந்தா, கோபாலா” என்பதே.

இதற்கு ஒரு கதை உண்டு. சிவபத்தியில் ஊறிய புருடாமிருகத்தைப் பீமன் திருமாலின் பெயரைச் சொல்லிச் சினமூட்டுகிறான். அது துரத்துகிறது. பிடிபடும் நேரத்திலெல்லாம் அவன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே போடுகிறான். அது விழுந்த இடத்தில் சிவலிங்கம் தோன்றுகிறது. மிருகம் பூசை செய்யத் தங்கிவிடுகிறது. இப்படிப் பன்னிரண்டு முறை. ஒருமுறை பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் இருக்கும்போது பிடிபட்டுவிட்டானாம். வழக்குத் தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பாராமல், உடலில் பாதி மிருகத்துக்கு உரியது என்று தீர்ப்புச் சொல்கிறார் அவர். இக்கட்டம் வரும்போதெல்லாம் என் தந்தையார், “பீமனும் நம்ம காரோட்டுக்காரன்தான், மக்களே” என்பார்.

அவர் பதினெட்டு வயதில், 1966-இல், முதன்முதலாக ஓடினார். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட முறை. சிறு வயதில் நான் திருமலைக் கோயில் வாசல் வரை சென்று அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்புவேன். படித்து முடித்ததும் சேர்ந்து ஓடலாம் என்பது எங்களுக்குள் பேச்சு. படித்து முடித்ததும் தேர்வு எழுதினேன். தேர்வு எழுதியதும் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் மூன்று நாள் தொடர்வண்டிப் பயணத் தொலைவில் வந்து விழுந்தேன்.

2005 மார்ச்சு 8, செவ்வாய்க்கிழமை. பணியில் சேர்ந்த பிறகு வந்த முதல் சிவராத்திரி. அன்றிரவு ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படியில் உட்கார்ந்திருந்தேன். குளிர் இன்னும் முழுவதும் விலகவில்லை. இந்நேரம் அப்பா எந்தக் கோயிலில் இருப்பார் என்று எண்ணத் தொடங்கிய மனம், பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர் தந்த சென்ற ஆண்டு நாட்குறிப்புக் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் இட்டேன். பிறகு, வாழ்நாளில் செய்து முடிக்க வேண்டியவற்றை எழுதினேன். பதினொன்று வரை எழுதியாயிற்று. பன்னிரண்டாவது எண்ணுக்கு நேரே எழுத ஒன்றும் தோன்றவில்லை. அது இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது.

அந்த வரிகளில் பெரும்பாலானவை நம் வீடுகளில் எல்லாரும் எழுதக்கூடியவையே. வீட்டின் மேல் அப்பா வாங்கிய கடனை அடைத்தல்; அது 2009-இல் முடிந்தது. தங்கையின் திருமணம் அதற்கும் முந்தின ஆண்டு. மேல்நிலை எழுத்தராதல் 2014-இல் கைகூடியது. பிரபோத், பிரவீண், பிராக்யா என்னும் மூன்று இந்தித் தேர்வுகளும் தேறியாயிற்று. நான் விரும்பி எழுதிய வரி அன்று அது, ஆனால் முதலில் குறி விழுந்தது அதற்குத்தான். இமயத்தைக் கண்ணால் காணுதல், நண்பர்களோடு அரித்துவாரம் சென்றபோது அங்கிருந்து மேலும் ஏறியதில் நிறைவேறியது.

நீச்சல் கற்றல் ஆகவில்லை. நெய்யாற்றுக்கும் அரபிக் கடலுக்கும் நடுவில் பிறந்தவன் நீந்தத் தெரியாமல் நாற்பதைக் கடந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை உரையோடு முழுவதும் படித்தல் என்றொரு வரி. மெட்ரோ வண்டியில் நின்றுகொண்டே புகார்க் காண்டமும் மதுரைக் காண்டமும் கடந்து, வஞ்சிக் காண்டத்தில் கால்கோட்காதையில் நிற்கிறேன். முப்பது காதைகளில் அது இருபத்தாறாவது. சேரன் கல்லெடுக்க வடக்கே வருகிற இடம். வடக்கே வந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவது இயல்புதானே!

ஊரில் பத்து சென்ட் நிலம் வாங்குதல் என்ற வரியை மட்டும் நானே அடித்துவிட்டேன். நான் மனத்தில் குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் இன்று நாற்கரச் சாலை செல்கிறது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச் சாலை எங்கள் ஊரில்தான் முடிகிறது. அதிலும் முக்கோலா முதல் காரோடு வரை ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர் முழுவதும் காங்கிரீட்டால் போட்டது. அதன் மேல் வண்டியில் போகும்போது சக்கரத்தின் ஓசையே வேறு. இதில் எனக்கு மனக்குறை இல்லை. ஊருக்குச் சாலை வருவது நல்லதே. ஆனாலும் அவ்விடத்தைக் கடக்கும்போது, “இதோ என் கிணறு, இதோ என் திண்ணை” என்று மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இப்படிப் பட்டியல் எழுதி வாழ்வது என் கண்டுபிடிப்பு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அமெரிக்க நாட்டில் ஜான் கோடார்டு என்பவர் 1940-ஆம் ஆண்டிலேயே, தம் பதினைந்தாம் வயதில், 127 குறிக்கோள்களை எழுதிவைத்துக்கொண்டு வாழத் தொடங்கினார் என்பதைப் பின்னர் ஓர் இதழில் படித்தேன். நைல் ஆற்றைப் படகில் கடப்பது முதல் கலைக்களஞ்சியம் முழுவதையும் படிப்பது வரை அதில் உண்டு. 2013-இல் மறைவதற்குள் நூற்றுக்கு மேல் முடித்துவிட்டார். சந்திரனுக்குச் செல்லுதல் என்ற வரி மட்டும் மற்றச் சிலவற்றோடு நின்றுபோயிற்று. வியக்கத்தக்க மனிதர்தாம். எனினும் அவர் பட்டியலைப் பார்த்தபோது, ஆறும் மலையும் நாடும் விலங்கும் நிறைந்திருந்த அதில் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்விதான் எனக்கு எழுந்தது.

நம்மவருள் இதற்கு ஒப்புச் சொல்ல வேண்டுமானால் உ. வே. சாமிநாதையரைத்தான் சொல்வேன். அவர் பட்டியல் எழுதி வைத்தாரா என்பதன்று, வாழ்ந்ததே பட்டியல்போலத்தான். 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தது தொடக்கம். சிந்தாமணி 1887-இல் வந்தது, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. குறுந்தொகை வெளிவந்தபோது 1937. அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஊர் ஊராக ஏடு தேடி, வண்டியிலும் நடந்தும் அலைந்து, ஒன்றை முடித்த கையோடு அடுத்ததற்குப் புறப்பட்டவர். ஆனால் தம் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தது எண்பத்தைந்தை ஒட்டிய வயதில். 1942 ஏப்பிரலில் அவர் காலமானபோது, அந்தச் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டையே தாண்டியிருக்கவில்லை. பிறர் எழுதிய நூல்களையெல்லாம் முடித்துக் கொடுத்தவர், தம் நூலை முடிக்கவில்லை. இதை நினைக்கும்போது என் கால்கோட்காதை நாணம் சற்றுக் குறைகிறது.

என் பட்டியலில் குறி விழுந்தவற்றையும் விழாதவற்றையும் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். என் கையால் மட்டும் ஆகக்கூடியவை தாமதமானாலும் ஆகிவிட்டன, அல்லது இனியும் ஆகலாம். நீச்சலை ஐம்பதிலும் கற்கலாம். ஆனால் மற்றொருவரின் பெயர் உள்ள வரிகள் இரண்டு இருந்தன. ஒன்பதாவது: “அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தல்.” பத்தாவது: “அப்பாவுடன் ஒருமுறையேனும் பன்னிரண்டு சிவாலயமும் ஓடுதல்.” இவற்றுக்குத் தவணை உண்டு என்பதும், அந்தத் தவணை என் கையில் இல்லை என்பதும் எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

பத்தாவது வரியைச் சொல்கிறேன். சிவராத்திரி மாசியில் வரும். அலுவலகக் கணக்கில் மாசி என்றால் நிதியாண்டின் கடைசி. ஆண்டு முழுவதும் உறங்கிய கோப்புகள் எல்லாம் விழித்துக்கொள்ளும் காலம். அப்போது பத்து நாள் விடுப்புக் கேட்பவனை மேலதிகாரி பார்க்கும் பார்வையை நம் அன்பர்கள் பலரும் அறிவர். 2006-இலும் 2007-இலும் கேட்டேன், கிடைக்கவில்லை. பிறகு சில ஆண்டுகள் கேட்கவே இல்லை. 2012-இல் விடுப்பும் கிடைத்து, பயணச் சீட்டும் வாங்கிய பிறகு அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய நேர்ந்தது. ஊருக்குப் போனேன், மருத்துவமனையில் அவர் கட்டிலருகே சிவராத்திரி கழிந்தது. “அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அந்த அடுத்த வருடம் வர ஏழு ஆண்டுகள் ஆயின.

2019 மார்ச்சு 3, ஞாயிற்றுக்கிழமை மாலை. திருமலைக் கோயில் வாசலில், வழியனுப்ப வந்த சிறுவனாக அல்லாமல், காவி உடுத்து நின்றேன். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. “ஓடமாட்டேன், நடக்கத்தான் செய்வேன்” என்பது அவர் அம்மாவுக்குச் சொன்ன உறுதி. கோயிலை விட்டு இறங்கியதும் அந்த உறுதி காற்றில் போயிற்று. எனக்கு முன்னே சென்றார். திக்குறிச்சியில் ஆற்றில் முழுகி எழுந்தபோது, அவருக்குக் களைப்பில்லை; நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வழியில் அவருக்குத் தெரியாத வீடு இல்லை. எந்தத் திருப்பத்தில் யார் சுக்குநீர் கொடுப்பார்கள், எந்த வளைவில் கல் குத்தும் என்பதெல்லாம் மனப்பாடம். முப்பது ஆண்டுப் பேச்சையும் அந்த இரவில் அவர் பேசினார் என்று சொன்னால் மிகையாகும். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். “இங்க மேடு” என்பார். “இங்க தண்ணி” என்பார். அவ்வளவுதான்.

திற்பரப்பை அடையும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. அருவியின் ஓசை கேட்கிறது, கோயிலில் கூட்டம். தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்தவர் காலை நீட்டினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து இரத்தம் கசிந்திருந்தது. அதை எத்தனை தொலைவாக மறைத்து வந்தாரோ தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்தேன். சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: “நீ போ மக்களே. பன்னெண்டும் முடிச்சிட்டு வா. நான் விடிஞ்சதும் பஸ் ஏறி நட்டாலத்துல போய் இருக்கேன்.”

“நானும் வந்திடுறேன் அப்பா. இன்னொரு வருசம் பாக்கலாம்.”

“பாதியில நிக்கப்பிடாது. ஒருத்தன் நின்னாப் போரும்.”

போனேன். திருநந்திக்கரையிலிருந்து மீதி ஒன்பது கோயில்களையும் தெரியாத மனிதர்களோடு ஓடினேன், நடந்தேன், கடைசியில் இழுத்துக்கொண்டு சென்றேன். மறுநாள் இரவு நெடுநேரம் கழித்துத் திருநட்டாலம் சேர்ந்தேன். குளக்கரையில் ஓரிடத்தில் துண்டை விரித்து அமர்ந்திருந்தார் அப்பா. முற்பகலிலேயே வந்துவிட்டாராம். “கொஞ்சம் தாமசிச்சுப் போச்சு” என்றார். வாங்கி வைத்திருந்த கஞ்சியும் பயறும் ஆறிக் குளிர்ந்திருந்தன. நான் குடிக்கும் வரை, பனையோலை விசிறியால் என்மேல் விசிறிக்கொண்டே இருந்தார். “சாமிக்கு வீசுறதுல்லா இது” என்று நான் சொன்னதற்கு, “சாமிக்கு வீசியாச்சு” என்றார்.

என் பட்டியல் அவருக்குத் தெரியும். “முடிஞ்சுதா உன் கணக்கு?” என்று கேட்டார். “உங்களோட மூணுதானே ஆச்சு” என்றேன். “மீதி அடுத்த வருசம்” என்றார். டெல்லிக்குத் திரும்பியதும் பத்தாம் வரிக்கு நேரே குறி இடவில்லை. ‘3/12’ என்று எழுதி வைத்தேன்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை எண்ணினேன். அடுத்த ஆண்டுச் சிவராத்திரி 2020 பிப்ரவரி 21-ஆம் நாள். தொடர்வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஊரடங்கு என்ற சொல்லையே நாம் அன்றாடப் பேச்சில் கேட்டதில்லை. நான் விடுப்புக் கேட்கவில்லை. அந்த முறை மறுத்தவர் யாரும் இல்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சென்ற ஆண்டுதானே போய் வந்தோம், தொடர்ந்து இரண்டு ஆண்டு கேட்பது முறையாகாது என்று இருந்துவிட்டேன். அப்பாவும் வற்புறுத்தவில்லை. ஒரு மாதத்தில் நாடே அடைபட்டது. 2021-இல் சிவராத்திரி வந்தபோது பயணம் போகத் துணிவில்லை. அவ்வாண்டு சூன் மாதம் அப்பா காலமானார். பெருந்தொற்று அன்று, இதயம் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள்.

ஒன்பதாம் வரியின் கதை வேறு. எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, மலையாளப் பள்ளியில். ஆகவே எனக்கு அவர் எழுதிய உள்நாட்டுக் கடிதங்கள் எல்லாம் தமிழ்ப் பேச்சு, மலையாள எழுத்து. “மக்களுக்குச் சுகந்தானே” என்று தொடங்கி, ஆடு குட்டி போட்டது வரை அந்த வட்ட வட்ட எழுத்தில் இருக்கும். மலையாளத்தில் ககரம் நான்கு உண்டு. அம்மாவின் தமிழுக்கு ஒன்றே போதுமாயிருந்தது. என் அறைத் தோழர்கள் இருவர், ஒருவர் தஞ்சாவூர், மற்றவர் கோட்டயம். கடிதத்தைத் தஞ்சாவூர்க்காரரால் படிக்க முடியாது. கோட்டயத்துக்காரர் படித்துவிடுவார், ஆனால் பாதி விளங்காது. கோட்டயத்துக்காரர் வாய்விட்டுப் படிக்க, தஞ்சாவூர்க்காரர் பொருள் சொல்லிவிடுவார்! என் தாயின் கடிதத்துக்கு இருவர் வேண்டியிருக்கிறதே என்ற எண்ணத்தில் எழுதியதே அந்த ஒன்பதாம் வரி. விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அரிச்சுவடி வாங்கிப் போவேன். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார். நான் திரும்பியதும் அது அங்கேயே இருக்கும்.

2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் பழைய கடிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “பாட்டி எழுதினதுன்னா நான் ஏன் படிக்க முடியல?” என்று கேட்டாள். கைப்பேசியில் பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். அன்று முதல் மாலைதோறும் அம்மா அங்கிருந்து ஒரு சிலேட்டில் எழுதிக் காட்ட, இவள் இங்கே எழுதுவாள். “உனக்கப்பன் என்னைப் படிப்பிக்க வந்தான். நான் உன்னைப் படிப்பிக்கேன்” என்று அம்மா சொல்லிச் சிரிப்பது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். நான்கே மாதத்தில் மகள் கடிதங்களைப் படித்துவிட்டாள். இப்போது தமிழை மலையாள எழுத்தில் எழுதி அம்மாவுக்குக் கடிதமும் அனுப்புகிறாள். அம்மா தமிழ் எழுத்துக் கற்கவில்லை. இனிக் கற்கப் போவதும் இல்லை. சங்கத்து மேடையில் தமிழ் வளர்ச்சி பற்றிப் பேசும் நான், என் வீட்டில் நடந்தது இது என்று சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு வருத்தமில்லை. அந்த வரிக்கு எந்தக் குறி இடுவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து புறப்படும்போது, அம்மா அவருடைய விசிறியைக் கொடுத்தனுப்பினார். டெல்லி வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. சென்ற கோடையில் ஒருநாள் இரவு மின்சாரம் நின்று இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. இருட்டில் மகள் எழுந்து சென்று அந்த விசிறியை எடுத்து வந்து என் பக்கத்தில் அமர்ந்து வீசத் தொடங்கினாள். “அது சாமிக்கு வீசுறது, வை” என்றாள் என் மனைவி. நான் “வீசட்டும்” என்றேன். மின்சாரம் வரும் வரை வீசினாள். காலையில் பார்த்தபோது ஓலையின் ஒரு விளிம்பு பிரிந்திருந்தது. நூல் கோத்துத் தைக்க வேண்டும். ஊசி கொஞ்சம் பெரியதாக வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.